விமானியும் வானிலையும்

மனிதன் படைத்துக்கொண்ட ஊர்திகளுள் வானிலைக்கு மிகுதியும் கட்டுப்பட்டது விமானம். சாலையில் ஓடும் வண்டி மழை வலுத்தால் ஓரமாக நின்றுகொள்ளும். கடலில் செல்லும் கப்பல் நங்கூரம் பாய்ச்சிக் காத்திருக்கும். பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு நிற்றல் என்பது இயலாது. அது மேலும் செல்லுதல் வேண்டும். அன்றித் திரும்புதல் வேண்டும். அன்றி வேறோர் இடத்தில் இறங்குதல் வேண்டும். இம்மூன்றனுள் எதனை, எப்பொழுது செய்வது என்று துணிவதற்கான கல்வியே விமானம் பயில்வோர் கற்கும் வானிலைக் கல்வி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு இவ்வுண்மையைக் கொடிய முறையில் உணர்த்திய நாள் 1977 செப்டம்பர் 27. தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாகக் கோலாலம்பூருக்கு வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 715-ஆம் எண் விமானம், சுபாங் விமான நிலையத்தை நெருங்கும் வேளையில், எல்மினா ரப்பர்த் தோட்டத்தின் குன்று ஒன்றில் மோதிச் சிதைந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஓடுபாதை ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலேயே இருந்தது. அன்று வானிலை நன்றாயில்லை. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்பட்டாலன்றி 750 அடிக்குக் கீழே இறங்கலாகாது என்பது அவ்வழியில் வருவோர்க்கு வகுக்கப்பட்டிருந்த வரம்பு. விமானம் மோதிய இடமோ ஏறத்தாழ 300 அடி உயரத்தில் உள்ளது. ஓடுபாதையைக் காணாமலே வரம்புக்குக் கீழே இறங்கியதுதான் விபத்துக்குக் காரணம் என்பது விசாரணையின் முடிவு.

அதே சுபாங்கில் 1983 டிசம்பர் 18-ஆம் நாள் மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்து, மழையினூடே இறங்குகையில் ஓடுபாதைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் முன்னதாகவே தரையில் வீழ்ந்தது. அதில் இருந்த 247 பேரும் உயிர்தப்பியது நற்பேறு. எல்மினாப் பகுதியில் 2023 ஆகஸ்டு 17-ஆம் நாள் நேர்ந்த சிறு விமான விபத்து வேறு வகையினது; அதனை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் பொருந்தாது. முன்னைய இரண்டும் பயில்வோர்க்குச் சொல்லும் பாடம் ஒன்றே. மங்கிய வானத்தில் இறங்கும் எவருக்கும், ‘இன்னும் சற்று இறங்கினால் தெரிந்துவிடும்’ என்ற எண்ணம் தோன்றக்கூடும். அவ்வெண்ணத்தைத் தடுத்து நிறுத்தவே வரம்புகள் உள்ளன. அவ்வரம்புகளின் பொருளை உணரச் சில அடிப்படைச் செய்திகளை அறிதல் வேண்டும்.

காற்றழுத்தமும் உயரமானியும்

விமானத்தின் உயரத்தைக் காட்டும் கருவி உயரமானி. அது உயரத்தை நேரே அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை அளந்து, அதனை உயரமாக மாற்றிக் காட்டுகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையும். தாழ்ந்த உயரங்களில் ஏறத்தாழ 28 அடிக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் குறைகிறது. முன்னாளில் மில்லிபார் என்று பாடநூல்களில் வழங்கியதும் இதே அளவுதான்.

உலகெங்கும் விமானிகள் பொதுவாகக் கொள்ளும் திட்டக் காற்றுமண்டலம் ஒன்று உண்டு. அதன்படி கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், வெப்பம் 15 டிகிரி செல்சியஸ், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 2 டிகிரி வெப்பம் குறையும். உண்மையான காற்று இக்கணக்குக்கு இணங்கி நடப்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு விமான நிலையமும் அவ்வப்போதைய அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்குக் கணித்து அறிவிக்கிறது. விமானி அவ்வெண்ணை உயரமானியில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் காற்றழுத்தத்துக்கு வியப்பான ஓர் ஒழுங்கு உண்டு. கடலுக்கு ஏற்றமும் வற்றமும் உள்ளவாறே காற்றுமண்டலத்துக்கும் நாள்தோறும் இருமுறை ஏற்ற இறக்கம் நிகழ்கிறது. காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை 4 மணியளவிலும் விடியற்காலை 4 மணியளவிலும் தாழ்ந்திருக்கும். காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு உண்டாகும். காலை 10 மணிக்குப் புறப்பட்ட மாணவர் உயரமானியைத் திருத்தாமல் மாலை 4 மணிக்குத் திரும்பினால், அவர் உண்மையில் இருக்கும் உயரத்தைவிட நூறு அடி கூடுதலாகக் கருவி காட்டும். தெளிந்த வானில் இது சிறு பிழை. மழைத்திரையினூடே தாழ்ந்து வருகையில் நூறு அடி என்பது ஒரு குன்றின் தலையைத் தாண்டுவதற்கும் தாண்டாமைக்கும் உள்ள வேறுபாடாகலாம்.

இதனோடு மற்றொன்றும் எண்ணத்தக்கது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள், அழுத்தம் விரைந்து வீழ்ந்தால் புயல் வரும் என்று கற்பிக்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் உள்ளது. பூமியின் சுழற்சியால் காற்று வளையும் தன்மை இங்கு மிகக் குறைவு. ஆதலின் பெருஞ்சூறாவளி இங்கே தோன்றுவது அரிதினும் அரிது. 2001 டிசம்பர் 27-ஆம் நாள் ஜொகூர்க் கரையைத் தாக்கிய ‘வாமேய்’ சூறாவளி அத்தகைய அருநிகழ்ச்சி. கிள்ளான் பள்ளத்தாக்கில் விமானிக்கு இடர் செய்வது மாலை நேரத்து இடிமழை. அது வருமுன் காற்றழுத்தமானி எச்சரிப்பதில்லை. வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெப்பம் செய்யும் வேலை

சுபாங் ஓடுபாதை கடல் மட்டத்துக்கு 90 அடி உயரத்தில் உள்ளது. பிற்பகலில் வெப்பம் 33 டிகிரிக்கு ஏறுவது இங்கு இயல்பு. திட்ட அளவாகிய 15 டிகிரியைவிட இது 18 டிகிரி மிகுதி. கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ளுதல் விமானிகளின் வழக்கம். 18-ஐ 120-ஆல் பெருக்க 2,160 அடி வரும். இதனோடு ஓடுபாதையின் உயரத்தையும், மாலை அழுத்தக் குறைவுக்கு உரிய நூறு அடி சொச்சத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 2,400 அடி ஆகும். தரையோடு தரையாக நிற்கும் விமானம், 2,400 அடி மலைமேல் நிற்பதைப் போன்ற மெல்லிய காற்றில் ஓடி எழ வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள்.

காற்று மெலிந்தால் மூன்று குறைகள் ஒருங்கே சேரும். இறக்கைகள் விமானத்தைத் தூக்கும் ஆற்றல் குறையும். எந்திரத்தின் வலிமை குறையும். சுழலி காற்றைப் பற்றித் தள்ளும் திறன் குறையும். விமானம் நெடுந்தொலைவு ஓடியே எழும். எழுந்த பின்னும் மெல்லவே ஏறும். காற்றில் ஈரம் மிகுந்தால் இது இன்னும் கூடும். ஈரக்காற்று கனமானது என்று பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் மூலக்கூற்றின் எடை 18. உலர்ந்த காற்றின் சராசரி மூலக்கூற்று எடை ஏறத்தாழ 29. ஆதலின் நீராவி கலந்த காற்றே இலேசானது. அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக் காட்டத்தக்க செய்தி இது.

வெப்பநாட்டில் மறைந்திருக்கும் மற்றோர் இடர் பனிக்கட்டி. சிறு பயிற்சி விமானங்கள் பலவற்றின் எந்திரத்தில் கார்புரேட்டர் என்னும் கலப்புக் குழாய் உள்ளது. அதன் குறுகிய வாயில் பெட்ரோல் ஆவியாகும்பொழுது வெப்பம் இருபது டிகிரிக்கு மேலும் சட்டெனக் குறையக்கூடும். வெளியே 30 டிகிரி வெப்பம் இருந்தாலும், ஈரம் மிகுந்த காற்றில் குழாயினுள்ளே பனிக்கட்டி படியும், எந்திரம் திணறும். வலிமையைக் குறைத்து இறங்குகையில் இவ்விடர் மிகுதி. அதற்கெனச் சூடான காற்றை உள்ளே விடும் பிடி ஒன்று விமானத்தில் அமைந்துள்ளது. நம் நாட்டில் பனி ஏது என்று எண்ணி அதனை மறப்பவர் வருந்த நேரும்.

காற்று வரும் திசை

வானிலை அறிக்கையில் காற்றின் திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். எங்கே செல்கிறது என்பதை அன்று. புதிதாகப் பயில்வோர் இதில் தடுமாறுவதுண்டு. தமிழறிந்தார்க்கு இத்தடுமாற்றம் வேண்டுவதில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வரும் திசையைக் கொண்டே காற்றுக்குப் பெயரிட்டனர் தமிழர். இன்றைய வானிலை அறிஞர் வட்டத்தை 360 பாகையாகப் பகுத்துக் கூறுவதும் அம்முறையே. 360 என்றால் வாடை, 090 கொண்டல், 180 தென்றல், 270 கோடை.

காற்றின் வேகத்தை ‘நாட்’ என்னும் அளவால் கூறுவர். மணிக்கு ஒரு கடல் மைல், அஃதாவது 1.852 கிலோமீட்டர் செல்லும் வேகம் ஒரு நாட். விமானம் எதிர்காற்றை நோக்கி எழுவதும் இறங்குவதும் நலம். சுபாங் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 15, 33 என்று எண்கள் உள்ளன. 150 பாகைத் திசையையும் 330 பாகைத் திசையையும் அவை குறிக்கும். காற்று 240 பாகையிலிருந்து வீசினால் என்ன ஆகும்? 240-இல் 150-ஐக் கழிக்க 90. ஓடுபாதைக்குச் செங்கோணமாக, விமானத்தின் விலாவில் முழு வேகத்தோடு காற்று மோதும். பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானத்துக்கு, செய்து காட்டப்பெற்ற பக்கக்காற்றின் அளவு 15 நாட். தென்மேற்கிலிருந்து 25 நாட் வேகத்தில் காற்று வீசும் நேரத்தில் மாணவர் அவ்விமானத்தை இறக்க முயல்வது முறையன்று. ஓர் எளிய கழித்தல் கணக்கு இதனைத் தரையிலேயே சொல்லிவிடுகிறது.

மேகத்தின் அடி எவ்வளவு உயரம்?

காற்றைக் குளிரச் செய்துகொண்டே போனால், ஒரு நிலையில் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும். அவ்வெப்ப அளவு பனிநிலை எனப்படும். தரையில் சூடேறி எழும் காற்று மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, பனிநிலையை எட்டும் இடத்தில் மேகமாகிறது. காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 400-ஆல் பெருக்கினால், திரள்மேகத்தின் அடி எத்தனை அடி உயரத்தில் இருக்கும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும்.

பிற்பகல் வெப்பம் 32 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 8. அதனை 400-ஆல் பெருக்க 3,200 அடி. இப்பொழுது கிழக்கே நோக்குக. தித்திவங்சா மலைத்தொடரில் கெந்திங் அருகே உள்ள உலு காலி சிகரத்தின் உயரம் 1,772 மீட்டர். அஃதாவது 5,800 அடிக்குச் சற்று மேல். மேகத்தின் அடி 3,200 அடி என்றால் மலையின் மேற்பாதி மேகத்துக்குள் மறைந்திருக்கும். மேகத்துக்குள் ஒளிந்த மலையைக் கண் காணாது. கிழக்குக் கரைக்குப் பறக்க விரும்பும் மாணவர் இக்கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்தல் வேண்டும்.

மேகத்தின் அளவை வானத்தை எட்டாகப் பகுத்துக் கூறுவர். எட்டில் ஒன்று இரண்டு பங்கு மறைந்தால் ‘சில’ மேகம். மூன்று நான்கு பங்கு ‘சிதறிய’ மேகம். ஐந்து முதல் ஏழு பங்கு ‘இடைவெளியுள்ள’ மேகம். எட்டுப் பங்கும் மறைந்தால் ‘மூடிய’ வானம்.

பள்ளத்தாக்கின் நாளும் பருவமும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வானத்துக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. முந்திய மாலை மழை பெய்து இரவு வானம் தெளிந்திருந்தால், விடியலில் தாழ்ந்த இடங்களில் மூடுபனி படியும். வெயில் ஏற அது கலையும். காலை 10 மணிக்கு மேல் பஞ்சுப்பொதி போன்ற திரள்மேகங்கள் தோன்றும். நிலம் கடலினும் விரைந்து சூடேறுவதால், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிள்ளான் துறைமுகத்திலிருந்து உள்நாட்டை நோக்கி நகரும். கிழக்கே மலைத்தொடர் அதனைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட ஈரக்காற்று மேலே எழும். பிற்பகல் 2 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையே இடிமழை கொட்டுவதன் காரணம் இதுவே. பிரிக்பீல்ட்ஸில் தெரு வெள்ளமாக ஓடும் வேளையில் கிள்ளானில் ஒரு துளியும் விழாதிருப்பதைக் காண்பதுண்டு. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டின் சரிபாதி நாட்களில் இடி கேட்கிறது. இடி மிகுந்த உலக நகரங்களுள் இதுவும் ஒன்று.

இந்நாள் ஒழுங்கின்மேல் பருவ ஒழுங்கு அமைகிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அதன் பெருமழையைக் கிழக்குக் கரை மிகுதியாகப் பெறும். மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காற்று தளர்ந்திருக்கும். மாலை இடிமழை மேற்குக் கரையில் கடுமையாவது இக்காலத்தில்தான்.

நாள் ஒழுங்கை மீறி விடியலில் வருவது ஒன்றுண்டு. அதனைச் ‘சுமத்திரா’ என்றே அழைப்பர். இரவில் சுமத்திராத் தீவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் குளிர்ந்த நிலக்காற்று கடலை நோக்கி வீசும். வெதுவெதுப்பான மலாக்கா நீரிணையின்மேல் அவை கூடும்பொழுது இடிமேகங்கள் எழுந்து நீண்ட வரிசையாகும். அவ்வரிசை கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ சிலாங்கூர்க் கரையை எட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் இது நிகழும். காற்று திடீரென மேற்குப் பக்கம் திரும்பி 40, 50 நாட் வரை வீசக்கூடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். இதன் காற்று சுபாங் ஓடுபாதையைக் குறுக்காகத் தாக்கும் என்பதை மேற்கூறிய கழித்தல் கணக்கால் உணரலாம்.

தோட்டத்து மக்களுக்குச் சுமத்திரா புதியதன்று. பால்மரம் சீவும் தொழிலாளி விடியுமுன்னே மேற்கு வானத்தைப் பார்ப்பது வழக்கம். பட்டை நனைந்தால் பால், சீவிய வழியே ஓடாமல் மரத்தின்மேல் பரவி வழிந்து வீணாகும். கோப்பையில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து கெடும். ஆதலால் மேற்கே மின்னல் கண்டால் அன்றைய வெட்டைப் பற்றி ஐயுறுவார். அதே வானத்தை அதே கண்ணோடு பார்க்கப் பழகுவதே காலைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவ விமானியின் முதற்பாடம்.

இடிமேகத்தின் மூன்று பருவங்கள்

இடிமேகத்துக்கு மூன்று பருவங்கள் உண்டு. முதலாவது வளரும் பருவம். அப்பொழுது மேகத்தினுள் காற்று மேல்நோக்கியே எழும். இரண்டாவது முதிர்ந்த பருவம். மழை தரையை எட்டும். எழும் காற்றும் வீழும் காற்றும் அடுத்தடுத்து இருக்கும். குலுக்கலும் மின்னலும் உச்சமாகும். மூன்றாவது தளரும் பருவம். வீழும் காற்றே மிஞ்சி, மேகம் கரையும். ஒரு தனி மேகத்தின் வாழ்வு ஒரு மணி நேரம் அளவே. வெப்பநாட்டு இடிமேகத்தின் முடி 50,000 அடியையும் தொடும். அதற்கு மேலே பறந்து கடப்பது சிறு விமானத்தால் ஆகாத செயல். கீழே நுழைந்து கடப்பதோ அதனினும் கொடியது.

அதற்குக் காரணம் வீழ்காற்று. மழையோடு குளிர்ந்த காற்று செங்குத்தாக வீழ்ந்து, தரையில் மோதி எல்லாப் பக்கமும் விரியும். நாலு கிலோமீட்டருக்கு உட்பட்ட சிறு பரப்பில் இது நிகழ்வதுண்டு. சில நிமிடங்களே நீடிக்கும். அதனூடே இறங்கும் விமானம் முதலில் எதிர்காற்றைப் பெற்றுச் சற்று மேலெழும். அதனை நல்வாய்ப்பாக எண்ணி விமானி வலிமையைக் குறைத்தால், அடுத்த நொடிகளில் வீழ்காற்று விமானத்தைக் கீழே அழுத்தும். அதனை அடுத்து எதிர்காற்று பின்காற்றாக மாறும். இறக்கைகள்மேல் பாயும் காற்றின் வேகம் திடீரெனக் குறைய, விமானம் தாழும். அமெரிக்காவின் டல்லஸ் நகர விமான நிலையத்தில் 1985 ஆகஸ்டு 2-ஆம் நாள் டெல்டா நிறுவனத்தின் 191-ஆம் எண் விமானம் இவ்வாறே வீழ்ந்து 137 பேர் மாண்டனர். மூன்று பேரெந்திரங்கள் கொண்ட அவ்விமானத்துக்கே அந்நிலை என்றால், ஒற்றை எந்திரச் சிறு விமானத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. கடும் இடிமேகத்துக்கு 20 கடல் மைல் விலகிச் செல்க என்பது விமானிகளுக்குக் கூறப்படும் அறிவுரை. சுபாங்கிலிருந்து கிள்ளான் துறைமுகம்கூட அத்தனை தொலைவில் இல்லை.

புகைமூட்டம்

தென்மேற்குப் பருவத்தில் சுமத்திராவின் காடும் கரிநிலமும் எரிந்தால், அப்புகை நீரிணையைக் கடந்து வருகிறது. 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் காற்றுத்தூய்மைக் கேட்டின் குறியீடு 500-ஐ மீறியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளிலும் புகை கடுமையாக இருந்தது.

புகை விமானியை ஏமாற்றும் முறை ஒன்றுண்டு. மேலிருந்து நேர் கீழே பார்த்தால் சாலையும் வீடும் தெளிவாகத் தெரியும். புகையடுக்கு செங்குத்தாக மெல்லியது என்பதே காரணம். ஆனால் ஓடுபாதையை நோக்கிச் சாய்வாகப் பார்க்கும்பொழுது பார்வை அப்புகையினூடே நெடுந்தொலைவு செல்ல வேண்டும். தலைக்கு மேலிருந்தபோது தெரிந்த ஓடுபாதை, இறங்கத் திரும்பியதும் மறைந்துபோகும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

விமான நிலையங்களின் வானிலை அறிக்கை உலகெங்கும் ஒரே வரிசையில் அமைந்திருக்கும்: இடம், நாளும் நேரமும், காற்று, பார்வைத் தொலைவு, நிகழும் வானிலை, மேகம், வெப்பமும் பனிநிலையும், அழுத்தம். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முந்தியது. பார்வைத் தொலைவு 9999 என்று இருந்தால் பத்துக் கிலோமீட்டரோ அதற்கு மேலோ என்று பொருள்.

விளக்கத்துக்காக ஓர் அறிக்கையை அமைத்துப் பார்க்கலாம். சுபாங், நேரம் 0800, காற்று 240 பாகை, 15 நாட், வீச்சு 28 நாட், பார்வை 3,000 மீட்டர், இடியுடன் மழை, 1,600 அடியில் சிதறிய இடிமேகம், வெப்பம் 25, பனிநிலை 24, அழுத்தம் 1008. இதனைப் படிக்கத் தெரிந்தவர் காண்பது யாது? பொது நேரம் 0800 என்பது இங்கே மாலை 4 மணி. இடிமழைக்கு உரிய வேளை. காற்று ஓடுபாதைக்குச் செங்குறுக்கு. வீச்சு 28 நாட் என்பதால் வீழ்காற்று விரிந்துகொண்டிருக்கக்கூடும். வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் ஒரு டிகிரியே இடைவெளி. தாழ்மேகம் படர இடமுண்டு. ஒரே வரியில் மூன்று எச்சரிக்கைகள் அடங்கியுள்ளன.

இவ்வறிக்கை நடப்பைக் கூறுவது. வருவதைக் கூறும் முன்னறிவிப்பு வேறாக வெளிவரும். இரண்டையும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை வழங்குகிறது. முன்னறிவிப்பில் இடிமழை என்று கண்டால், அது எந்த நேரத்தில் வரும் என்பதோடு, அதற்கு எவ்வளவு முன்னதாகத் திரும்பிவிடலாம் என்பதையும் மாணவர் கணக்கிடுதல் வேண்டும்.

வரம்பு எதற்கு?

கண்ணால் கண்டு பறப்போர்க்கு உலகப் பொது விதி ஒன்று உண்டு. 10,000 அடிக்குக் கீழே, பொதுவாக, 5 கிலோமீட்டர் பார்வை வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேல்கீழாக 1,000 அடியும் விலகியிருத்தல் வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பார்வை 3,000 மீட்டர். அதனோடு ஆராய்ச்சி முடிந்தது, மாணவர் புறப்படலாகாது.

இவ்விதி மிகையான அச்சத்தால் எழுந்ததன்று. கருவிகளை மட்டுமே கொண்டு பறக்கப் பழகாதவர் மேகத்துள் நுழைந்தால், உள்காதின் சமநிலை உணர்வு அவரை ஏமாற்றும். விமானம் சாய்ந்து வளைந்துகொண்டிருக்க, நேராகச் செல்வதாக உடம்பு சொல்லும். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் இருபது பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். வெளிக்காட்சி மறைக்கப்பட்டதும் இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பின்னர் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பதறாமல், கருவிகளைப் பார்த்தவாறே, விமானத்தை மெல்ல 180 பாகை திருப்பி வந்த வழியே வெளியேறும் முறைதான். அதனைக் கற்ற பின் அவர்கள் தப்பி வரலாயினர்.

இவ்வாராய்ச்சி கூறுவதும் எல்மினா விபத்து கூறுவதும் ஒன்றே. வானிலையைப் பற்றிய அறிவு, திரும்பும் செயலில் முடிதல் வேண்டும். 750 அடி, 5 கிலோமீட்டர், 15 நாட் என்னும் எண்கள் தரையில், தெளிந்த மனத்தோடு வகுக்கப்பட்டவை. மழைத்திரைக்கு முன்னே, வீடு சேரும் அவசரத்தோடு, அவ்வெண்களை மீண்டும் ஆராயத் தொடங்குபவர் ஏற்கெனவே வரம்பைத் தாண்டத் தொடங்கிவிட்டார்.

திருக்குறளில் 48, 49, 50-ஆம் அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொல்லப்பட்டவை எனினும் விமானிக்கும் அவ்வரிசை பொருந்தும். தன் வலியும் விமானத்தின் வலியும் எவ்வளவு. இடிமழைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் உண்டு. செல்லும் வழியில் மலை எவ்விடத்தில் நிற்கிறது. இம்மூன்றுக்கும் விடை எழுதாமல் விமானத்தின் கதவைத் திறத்தல் தகாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் இதில் செய்யத்தக்க பணி உண்டு. மேகத்தின் அடியைக் கணக்கிட வேண்டுவன ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலுமே. சுபாங்கின் வெப்பத்தையும் பனிநிலையையும் நாள்தோறும் கரும்பலகையில் எழுதி, மாணவரைக் கணக்கிடச் செய்யலாம். பிற்பகலில் மேகம் எழுவதையும், மழை தொடங்கிய நேரத்தையும் அவர்களே குறித்து வைக்கலாம். ஓராண்டுக் குறிப்பு சேர்ந்தால், ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை மழை எவ்வாறு மிகுகிறது, சுமத்திரா எந்த மாதங்களில் விடியலைக் கெடுக்கிறது என்பவற்றை மாணவர் தம் கையெழுத்திலேயே காண்பர். அவருள் ஒருவர் பின்னாளில் சுபாங்கிலோ சிப்பாங்கிலோ விமானியின் இருக்கையில் அமரலாம். அமராதவர்க்கும், பள்ளி விட்டு எத்தனை மணிக்குள் வீடு சேர வேண்டும் என்று மேற்கு வானத்தைப் பார்த்துத் துணியும் அறிவு மிஞ்சும்.